சின்னவருக்கு ஆகாத சாப்பாடு

சின்னவர் மேசைக்கு அடியில் தயாராக உட்கார்ந்திருந்தார். பெரியவர் சமையலறைப் பக்கம் ஒரு கண் வைத்தபடியே, வேகவைத்த பூசணித் துண்டு ஒன்றை முழங்காலுக்குக் கீழே இறக்கினார். அடுத்த நொடி விரல் ஈரமானது. பூசணி போன இடம் தெரியவில்லை.

சின்னவர் என்பது நாய். பெரியவர் என்பது லிஃப்ட் மெக்கானிக். வீட்டு அம்மாள் நாயையும் கணவரையும் அப்படித்தான் அழைப்பாள். ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருந்த லிஃப்டில், இவரோடு நாலு பேர் ஏறியதுமே எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. தான் பழுது பார்த்த லிஃப்டே தன்னைக் காட்டிக்கொடுத்ததில் அவருக்கு மனக்கசப்பு. அன்றிலிருந்து பத்தியச் சாப்பாடு. பூசணி, கேரட், தோல் உரித்த கோழி. உப்பு, எண்ணெய் எதுவும் கிடையாது.

"வெங்காயம் கூடவா ஆகாது?" என்று முதல் நாள் பரிதாபமாகக் கேட்டுப் பார்த்தார்.

"வெங்காயம், பூண்டு ரெண்டும் கூடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு சொல்லிட்டாரு."

டாக்டர் சொன்ன பிறகு அந்த வீட்டில் அப்பீல் இல்லை.

சின்னவருக்கும் கட்டுப்பாடு உண்டு. அவர் தட்டு பின்பக்க பால்கனியில், தனி மரியாதையோடு.

"நாம சாப்பிடுறதுல ஒரு துணுக்கு அவன் வாயில போகக் கூடாது. போச்சுன்னு தெரிஞ்சா, நானும் அவனும் எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பிடுவோம்" என்று அம்மாள் சொல்லியிருந்தாள். அந்தப் பயணத்தில் தனக்கு இடமில்லை என்பது மெக்கானிக்கை உறுத்தியது. ஆனாலும், எவ்வளவு பசித்தாலும் அந்தப் பூசணி அவருக்கு உள்ளே இறங்கவில்லை. இந்தச் சப்பென்ற சாப்பாட்டை நாய் எப்படித்தான் இத்தனை ஆசையாகத் தின்கிறதோ என்று அவர் ஆச்சரியப்படாத நாளில்லை.

சின்னவர் உருண்டு திரண்டார். கவலைப்பட்ட அம்மாள் அவர் தட்டில் பாதியைக் குறைத்தாள். பசி தாங்காத சின்னவர் பெரியவர் காலடியே கதியென்று கிடந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பூசணிக்குப் பின்னால் கேரட்டும் கோழியும் கீழே இறங்கின. சின்னவர் இன்னும் பெருத்தார்.

"அவனுக்கு நடை போதலை. நீங்களே கூட்டிட்டுப் போங்க, உங்களுக்கும் நல்லது."

நடை தெருமுனை பேக்கரியோடு நின்றது. மெக்கானிக் இரண்டு வெண்ணெய் பன்களை நின்றபடியே உள்ளே தள்ளினார். சட்டைப் பொத்தான்கள் திணறத் தொடங்கின. அதைப் பார்த்த அம்மாள், "பத்தியம் பத்தலைபோல" என்று கோழியைக் குறைத்துப் பூசணியைக் கூட்டினாள். கூடிய பூசணிக்கும் ஒரே வழிதான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, வேலை நடந்த கட்டடத்தின் காவலாளி வாயைத் திறந்தார்.

"மனுஷ சாப்பாடு நாய்க்கு விஷம் சார். எங்க தெருவுல ஒருத்தர் இப்படித்தான் பாசமா கொடுத்தாரு."

"அப்புறம்?"

"அதைக் கேக்காதீங்க."

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பானர் நழுவியது. அன்றே திருந்தினார். தன் சாப்பாட்டைக் கைக்குட்டையில் சுருட்டிக் கருவிப் பைக்குள் ஒளித்து வைத்தார், வெளியே போகும்போது குப்பையில் போடலாம் என்று. குளித்துவிட்டு வந்து பார்த்தால் பை கவிழ்ந்து கிடந்தது. கைக்குட்டை மட்டும் சுத்தமாக நக்கி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சின்னவர் வயிறு புடைக்க, நாக்கு தொங்க, முனகியபடி சாய்ந்து கிடந்தார்.

"என் புள்ளைக்கு என்னாச்சு?" என்று அம்மாள் ஓடி வந்தாள்.

கால்நடை மருத்துவமனையில் மருத்துவர் சின்னவரின் வயிற்றை அழுத்திப் பார்த்தார். உதவியாளர் தலையைப் பிடித்துக்கொண்டார். அம்மாள் விசும்பிக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் தன் அம்மா வீட்டுக்குப் போனாலும் போகட்டும், நாய் பிழைத்தால் சரி.

"டாக்டர், நான்தான் காரணம். தினமும் என் சாப்பாட்டை இவனுக்குக் கொடுத்துட்டேன். ஏதாவது பண்ணிக் காப்பாத்துங்க."

மருத்துவர் முகம் இறுகியது. "என்ன கொடுத்தீங்க? வெங்காயமா? திராட்சையா? சாக்லேட்டா?"

"அதெல்லாம் என் கண்ணுலயே காட்டுறதில்லை டாக்டர். பூசணி, கேரட், கோழி. எல்லாம் உப்பில்லாம வேகவெச்சது."

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். "விஷமும் இல்ல, ஒண்ணும் இல்ல. அளவுக்கு மீறித் தின்னிருக்கான், அவ்வளவுதான். இன்னிக்குப் பட்டினி போட்டா சரியாயிடும்."

மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. அம்மாள் திட்டப்போகிறாள் என்று தயாராகத் திரும்பினார். அவளோ விசும்பலை நிறுத்திவிட்டு, சுவரில் மாட்டியிருந்த பசுமாட்டுப் படத்தை வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மனுஷ சாப்பாடு நாய்க்கு விஷம்னு சொன்னாங்களே டாக்டர், அதான் பயந்துட்டேன்."

சின்னவரை மேசையிலிருந்து இறக்கிவிட்ட உதவியாளர் மெக்கானிக்குக்கு ஆறுதல் சொன்னார்.

"பயப்படுறது சகஜம் சார். போன மாசம் அம்மாவும் இப்படித்தான் பயந்துபோய் வந்து கேட்டாங்க, நாய்க்கு ஆக்குறதையே வீட்டுக்காரருக்கும் போட்டா ஏதாவது ஆயிடுமான்னு."