மொட்டை மாடிக்கு ஒரு சிக்கன பேக்

முடிவு செய்துவிட்டேன். இனி இந்த வீட்டில் செல்போன் பேச்சு கம்மி. ஜாஸ்தி பேசுகிறவர்கள் ஆம்பூரில் வேறு தெரு பார்த்துக்கொள்ளட்டும்.

காரணம் சொல்கிறேன். சுருக்கமாக. நீட்டிச் சொல்ல எனக்கு வராது.

என் பெயர் வீரபாகு. ஷூ கம்பெனியில் தோல் வெட்டச் சேர்ந்து, ஃப்ளோர் சூப்பர்வைசராக ரிட்டயர் ஆனவன். மெஷின் சத்தத்தில் பாதிக் காது போய்விட்டது. மீதிக் காதுக்கு நான் ஒதுக்கி வைத்திருப்பது சாயங்காலம். ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நாற்காலி போடுவேன். ஒரு டம்ளர் டீ. கொஞ்சம் காற்று. தூரத்தில் ஒரு ரயில். பேச ஆள் கிடையாது. சொர்க்கம் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அங்கே டீ கிடைக்குமா என்பதுதான் சந்தேகம்.

என் சொர்க்கத்தில் ஒரே ஒரு கோளாறு. எங்கள் வீட்டில் டவர் மாடியில்தான் எடுக்கும்.

என் மனைவி அம்சவேணி அதே கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் தைத்துக்கொண்டிருந்தவள். எனக்கு முன்பே வேலையை விட்டாள். கூட தைத்தவர்களை விடவில்லை. நான் முதல் வாய் டீ குடிக்கும்போது போனோடு மாடி ஏறுவாள். தினம் ஒருத்தி. ஒருத்திக்கு ஒரு மணி நேரம். யார் வீட்டு மாடு கன்று போட்டது, யார் மருமகள் கோவித்துக்கொண்டு போனாள், குடியாத்தத்தில் யார் வளைகாப்புக்கு எத்தனை சாதம். எல்லாம் எனக்குத் தெரியும். எதற்கு எனக்கு?

“கீழ போய்ப் பேசேன்.”

“கீழ டவர் இல்லீங்க.”

“அப்போ பேசாத.”

“இருபது வருஷம் அதையேதான் சொன்னீங்க. லைன்ல வாயத் தொறந்தா வந்து பின்னாடி நின்னீங்க. அப்போ பேசாததெல்லாம் இப்போ பேசறோம்.”

உண்மைதான். ஃப்ளோருக்குள் போன் வரக் கூடாது என்று கேட்டில் ஒரு பெட்டி வைத்தவனே நான்தான். காலையில் போட வேண்டும். சாப்பாட்டு பிரேக்கில் எடுக்கலாம். மறுபடி போட வேண்டும். வேலை முடிந்து வெளியே போகும்போது எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டி இன்றைக்கும் அங்கே இருக்கிறது. எனக்கு அங்கே சிலை வைக்கவில்லை. பெட்டி வைத்திருக்கிறார்கள்.

நேராகச் சொன்னால் நடக்காது. எனவே சிக்கனத்தைக் கையில் எடுத்தேன். சிக்கனத்தை யாரும் எதிர்த்துப் பேச முடியாது. கஞ்சன் என்று முணுமுணுக்கலாம். எனக்குத்தான் பாதிக் காது கிடையாதே.

அவள் பேக் முடிகிற நாள் வந்தது. இந்த ரீசார்ஜ்காரர்களுக்கு மாதம் என்றால் இருபத்தெட்டு நாள். வருஷம் முழுக்க பிப்ரவரி.

“அம்சு, கலீமுல்லா கடைக்குப் போறேன். இந்தத் தடவை உனக்கு கம்மி பேக்.”

“எதுக்குங்க கம்மி?”

“வயசான காலத்துல நமக்கு இன்னா பேச்சு? வந்துட்டேன், போய்ட்டேன், உப்பு வாங்கிட்டு வா. அவ்ளோதான். இதுக்குப் பேரு லைட் யூஸ்.”

சண்டைக்குத் தயாராக நின்றேன். நல்ல பதில்களாக இரண்டு யோசித்து வைத்திருந்தேன்.

“சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றாள்.

இரண்டு பதிலும் வீண். பரவாயில்லை. ஜெயித்த பிறகு பதில் எதற்கு? ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, காய்ந்த துணி எடுக்க மாடி ஏறினாள். குடித்துவிட்டு நிதானமாக நடந்தேன்.

கலீமுல்லா பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். என்னைவிடச் சின்னவன். நல்ல தோஸ்த். பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி. கடை அப்படி.

“வாங்கண்ணே. டெய்லி ரெண்டு ஜிபி, அன்லிமிடெட் கால், தினம் நூறு எஸ்எம்எஸ். போட்டுடவா?”

“தினம் நூறு எஸ்எம்எஸ் யாருக்கு பாய் அனுப்பறது?”

“அனுப்ப வேணாம்ணே. அது பாட்டுக்குச் சும்மா இருக்கும்.”

“சும்மா இருக்கத்தான் வீட்டுல நான் இருக்கேனே. அதுக்கு வேற காசு குடுக்கணுமா? அடுத்தது காட்டு.”

“இதுல தினம் ஒண்ணரை ஜிபி. சினிமா ஃப்ரீ.”

“அவ பேசறதே ஒரு சினிமா. அடுத்தது.”

தோலை மேசையில் விரித்தால் நான் முதலில் பார்ப்பது வேஸ்ட் எங்கே விழும் என்றுதான். ஓரம் எவ்வளவு, ஓட்டை எங்கே, எப்படித் திருப்பிப் போட்டால் இன்னொரு ஜோடி தேறும். அந்தக் கண்ணோடு ஒவ்வொரு பேக்கையும் தள்ளினேன். கலீமுல்லா சளைக்கவில்லை. மெதுவாக ஒவ்வொன்றாகக் காட்டினான். கடைசியில் தலையைச் சொறிந்தான்.

“ஒண்ணு இருக்குண்ணே. நெட் கிடையாது. எஸ்எம்எஸ் கிடையாது. இன்கமிங் ஃப்ரீ. நாம கூப்பிட்டாத்தான் காசு போகும், பேசின அளவுக்கு. மூணு மாசம் போன் உயிரோட இருக்கும்.”

“இத ஏன்யா அடியில ஒளிச்சி வெச்சிருக்க?”

“யாரும் கேக்கறதில்லைண்ணே.”

“நான் கேக்கறேன். போடு.”

போட்டான். ஒரே தோலில் இரண்டு ஜோடி அதிகம் வெட்டிய மாதிரி இருந்தது எனக்கு. வழியில் தெரிந்தவன் தெரியாதவன் எல்லாருக்கும் வணக்கம் வைத்துக்கொண்டு வீடு வந்தேன்.

அன்று சாயங்காலம் மாடியில் நான், டீ, ரயில். அம்சவேணி கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கோபம் கூட இல்லை. எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. இன்னொரு டீ கேட்டுக் குடித்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு மாடி ஏறினாள். ஐந்தே நிமிஷம். இறங்கி வந்துவிட்டாள்.

“இன்னா, யாருகிட்டயும் பேசலியா?”

“பேசினா காசு போகுமேங்க. மிஸ்டு கால் குடுத்தேன்.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும்.”

சிரித்தேன். அவர்கள் போனெல்லாம் நான் வைத்த பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிற நேரம் அது. பெட்டிக்குள் ரிங் அடித்தால் யாருக்குக் கேட்கும்?

அங்கேதான் கணக்கு தப்பியது. தோல் வெட்டுகிறவன் வெட்டுவதோடு நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

வேலை முடிந்ததும் பெண்கள் பெட்டியிலிருந்து போனை எடுப்பார்கள். எடுத்ததும் முதலில் தெரிவது அம்சு அக்காவின் மிஸ்டு கால். அப்புறம் கம்பெனி பஸ்ஸில் ஏறுவார்கள். குடியாத்தத்துக்கு ஒரு பஸ். பேரணாம்பட்டுக்கு ஒரு பஸ். வாணியம்பாடிக்கு ஒரு பஸ். வீடு போய்ச் சேரும்வரை கைக்கு வேலை கிடையாது. வாய்க்கு உண்டு. எல்லாரிடமும் அன்லிமிடெட் பேக்.

ஆறு மணி. முதல் வாய் டீ. அம்சவேணியின் போன் அடித்தது.

“அக்கா! மேகலா பேசறேன். குடியாத்தம் பஸ்ல இருக்கோம். இன்னாக்கா ஆச்சி, மிஸ்டு கால் குடுத்திருக்க?”

“ஒண்ணும் இல்லடி. வீட்டுல சிக்கனம். இனிமே நீங்கதான் கூப்டணும்.”

“ஐயோ பாவம், சூப்பர்வைசரு போன் காசையும் வெட்டிட்டாரா? இருக்கா, சீதாகிட்ட குடுக்கறேன்.”

போன் சீட்டு சீட்டாக நகர்ந்தது. முதலில் ஜன்னல் ஓரம். அப்புறம் நடு வரிசை. அப்புறம் பின்சீட்டு. ஒரு கட்டத்தில் டிரைவர் நலம் விசாரித்தார். கூட்டம் ஜாஸ்தி ஆனதால் அம்சவேணி ஸ்பீக்கரைப் போட்டாள். பள்ளத்தில் பஸ் இறங்கியபோது என் டீ தளும்பியது.

அப்போது என் சட்டைப் பை அதிர்ந்தது. பயந்துவிட்டேன். என் போன் அடித்து நாளாயிற்று.

“சார், முபஷ்ஷிரா பேசறேன் சார். பேரணாம்பட்டு பஸ். அக்கா லைன் பிஸியா இருக்கு.”

“என் நம்பர் உனக்கு யாரு குடுத்தது?”

“அக்காதான் சார். சாருக்கு யாரும் பண்ண மாட்டாங்க, எப்பவும் ஃப்ரீயாத்தான் இருக்கும்னாங்க.”

பின்னாலிருந்து ஒரு குரல்: “யாருடி அது?”

“நம்ம சூப்பர்வைசர்டி!”

பஸ் மொத்தமும் சிரித்தது. கண்ணாடி அதிரும் சிரிப்பு.

“சார், பஸ்ல போன் அலவுடா சார்?”

“சார், பொட்டியில போட்டுடவா சார்?”

“சார், கொஞ்சம் அக்காகிட்ட குடுங்க சார். பின்னாடி வந்து நிக்காதீங்க சார்.”

குடுத்தேன். இரண்டு கையிலும் இரண்டு பஸ் வைத்துக்கொண்டு அம்சவேணி பேசினாள். குடியாத்தத்தைப் பேரணாம்பட்டோடு பேச வைத்தாள். அரசாங்கத்தால் முடியாத இணைப்பு.

மறுநாள் என் போனை அணைத்து வைத்தேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். ஆறே காலுக்குப் பக்கத்து வீட்டு அமிர்தவள்ளி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள்.

“இன்னாண்ணா, உங்க போன் ஸ்விட்ச் ஆஃபாமே? வாணியம்பாடி பஸ்காரங்க எனக்குப் பண்றாங்க. எவ்ளோ பேஜாரு!”

போனைக் கொடுத்துவிட்டுப் போகவேண்டியதுதானே? போகவில்லை. யாருக்கு எத்தனை சாதம் என்று அவளும் கேட்க வேண்டுமாம். நாற்காலி கேட்டாள். அங்கே இருந்தது ஒரே நாற்காலி. என்னுடையது. டீ கேட்டாள். அங்கே இருந்தது ஒரே டீ.

தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் நின்று பார்த்தேன். ரயில் போயிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சனிக்கிழமை சரணடைந்தேன்.

“அம்சு, பழைய பேக்கே போட்டுடறேன்.”

“எதுக்குங்க வீண் செலவு? எனக்கு இதுவே போதும். லைட் யூஸ்.”

“இதுவா லைட்டு?”

“நான் ஒருத்தரையும் கூப்பிடலியே. நீங்க போட்ட பேலன்ஸ் அப்படியே இருக்கு. பாருங்க.”

பார்த்தேன். ஒரு பைசா குறையவில்லை. உலகத்திலேயே சிக்கனமான செல்போன் என் வீட்டில் இருந்தது. சிக்கனம் பேசி வந்தவன், இதற்கு மேல் எந்த வாயால் பேசுவது?

“இதுக்கு வழியே இல்லியா?”

உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

“ஒண்ணு இருக்கு. என் போன்ல பேச்சு இருந்துச்சின்னா, மத்தியானம் சாப்பாட்டு பிரேக்ல நானே கூப்டு முடிச்சிடுவேன். அப்பத்தான் பொட்டி தொறந்திருக்குமே. சாயங்காலம் மாடி உங்களுது. நீங்க, உங்க டீ, உங்க ரயிலு.”

“சரி. நாளைக்கே மாசப் பேக்...”

“வேணாங்க. மாசா மாசம் உங்க மூஞ்சப் பாத்துக் கேக்கணும். நீங்க யோசிப்பீங்க. யோசிக்கற அன்னிக்கு நான் மிஸ்டு கால் குடுக்கணும். அப்புறம் பஸ்ஸு...”

“பஸ்ஸு வேணாம். இன்னாதான் வேணும் உனக்கு?”

“நான் இன்னா கேட்டேன்? உங்களுக்குத் தெரியாததா?”

கலீமுல்லா கடைக்கு ஓடினேன். ரிட்டயர் ஆன பிறகு நான் ஓடியது அன்றைக்குத்தான்.

“பாய், வருஷம் முழுக்க ஒரே தடவையா போடற பேக் இருக்கா? அவ நம்பருக்கு.”

“இருக்குண்ணே.” எதையும் தேடவில்லை. நம்பர் கூடக் கேட்கவில்லை. மூச்சு விடும் நேரத்தில் போட்டுவிட்டான். பட்ஜெட்டில் என் கண் டாக்டரும் ஒரு ஜோடி வேட்டியும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப் போனார்கள்.

சும்மா சொல்லக் கூடாது. அம்சவேணி வாக்குத் தவறவில்லை. மத்தியானம் அரை மணி நேரம் மாடியில் பேசுகிறாள். அப்போது நான் கீழே தூங்குகிறேன். சாயங்காலம் ஒரு போன் கிடையாது. நாற்காலி என்னுடையது. முதல் நாள் டீயோடு அவளே இரண்டு மசால் வடையும் கொண்டு வந்து வைத்துவிட்டு, பேசாமல் இறங்கிப் போனாள். வடை மொறுமொறுவென்று இருந்தது. அந்தச் சத்தம் மட்டும்தான். ரயில் கூடக் கொஞ்சம் அடக்கிப் போன மாதிரி இருந்தது. வேறு என்ன வேண்டும் மனுஷனுக்கு?

அந்தச் சந்தோஷத்தில் நேற்று கலீமுல்லா கடைப் பக்கம் போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தான். நெளிந்தான்.

“அண்ணே, ஒண்ணு சொன்னா கோவிச்சிக்க மாட்டீங்களே?”

“கோவிப்பேன். சொல்லு.”

“அன்னிக்கு கம்மி பேக் கேட்டு வந்தீங்களே. நீங்க வர்றதுக்கு முன்னாடியே அக்கா போன் பண்ணிட்டாங்க. ‘அவருக்கு மோர் குடுத்து உக்கார வெச்சிருக்கேன் பாய். வந்தா இருக்கறதுலயே கம்மியானதப் போட்டு விடுங்க. உடனே காட்டாதீங்க. அவரே கண்டுபிடிச்ச மாதிரி இருக்கணும். வருஷ பேக் கேட்டு அப்புறம் அவரே வருவாரு’ன்னாங்க.”

பஜாரைப் பார்த்தேன். ஆட்டோ போனது. ஆடு போனது.

“எப்போ வருவேன்னு சொன்னா?”

“ஒரு மாசம் தாங்குவாருன்னாங்க. நீங்க வாரம் திரும்பறதுக்குள்ள வந்துட்டீங்க.”

டீயை அவனே குடிக்கட்டும் என்று எழுந்து வந்துவிட்டேன். வழி நெடுக யோசித்தேன். கேட்டுவிடுவது. முகத்துக்கு நேராக. வீட்டில் ஆம்பளை யார் என்று இன்றைக்கு முடிவு செய்துவிடுவது.

வாசலில் நுழைந்தேன். அம்சவேணி அரிசி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து சிரித்தாள்.

“வந்துட்டீங்களா? நம்ம கிரைண்டரு கொஞ்சம் சத்தம் போடுதுங்க. பரவால்ல, எனக்குப் பழசே போதும். புதுசெல்லாம் வேணாம்.”

கழற்றப் போன செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

“எந்தக் கலர்ல வேணும்?” என்று கேட்டேன்.