நோனாகஞ்சில் சேறு இல்லை

பொட்டலத்தில் பாதிப் பொரி தீர்ந்தபோதுதான் அநாதி மிருதாவின் கண்ணில் தன் ஊரின் பெயர் பட்டது.

கடுகெண்ணெய் ஊறிய பத்திரிகைத் தாள் அது. 'நோனாகஞ்ச்: ஓர் ஊரின் சித்திரம்' என்று தலைப்பு. ஒட்டியிருந்த பச்சைமிளகாய்த் துண்டைச் சுண்டிவிட்டுப் படித்தார்.

'இந்த ஊருக்குப் படகில் வருகிறவர்கள் செருப்பைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். படித்துறை தண்ணீருக்குப் பத்தடி முன்னாலேயே முடிந்துவிடுகிறது. மிச்சத்தை முழங்கால் சேறு பார்த்துக்கொள்கிறது. சுகாதார நிலையம் உண்டு. அதில் நிரந்தரமாக இருப்பது ஓர் ஆடு. டாக்டர் வியாழக்கிழமை வருவார். எந்த வியாழக்கிழமை என்பது அவருக்கே தெரியாது. எதைக் கேட்டாலும் நடக்கும், நடக்கும் என்பார்கள். எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்க முதுகெலும்புள்ள மனிதன் ஒருவன்கூட இந்த ஊரில்...'

அத்தோடு தாள் கிழிந்திருந்தது.

அநாதிக்குக் காது மடல் கொதித்தது. ஐம்பத்தேழு வயது. பதினெட்டு வருடமாக நோனாகஞ்ச் நகர முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர். வாரத்துக்கு இரண்டு மனு எழுதுகிறவர். எழுதிய கணத்திலேயே அதை மறந்துவிட்டு அடுத்ததைத் தொடங்குகிறவர். பெயர் சொல்லி அவரைக் கூப்பிட இப்போது ஊரில் ஆளில்லை. எல்லோருக்கும் அவர் 'செக்ரட்டரி பாபு'. அப்படிப்பட்டவரின் முதுகெலும்பைப் பற்றியா எழுதியிருக்கிறான்?

"ஜோகேன்! இதோட மறுபாதி எங்கடா?"

"பொரியா பாபு?"

"பேப்பர்டா, பேப்பர்!"

பொரிக்காரன் ஜோகேன் தன் முன்னால் அடுக்கியிருந்த பைகளைப் பார்த்தான். "எனக்கென்ன தெரியும்? பழைய பேப்பரை எடைக்கு வாங்கறேன், பை ஒட்டறேன். படிச்சுப் பாத்தா வாங்கறேன்?"

அநாதி அவனிடம் அனுமதி கேட்கவில்லை. பைகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கினார். எண்பது பை பிரிந்தது. கிணற்றில் விழுந்த எருமை கிடைத்தது, கால்பந்துப் போட்டி முடிவு கிடைத்தது, எழுதியவன் பெயர் கிடைக்கவில்லை. பத்திரிகையின் பெயர் மட்டும் ஓர் ஓரத்தில் இருந்தது. 'நோனா பாதாஸ்', அக்கரையிலிருந்து வரும் வாரப் பத்திரிகை. தேதி இருந்த மூலை பசையோடு போயிருந்தது.

அன்று மாலை படித்துறையில் பொரி வாங்கியவர்கள் எல்லாம் முந்தானையிலும் லுங்கி மடிப்பிலும் வாங்கிப் போனார்கள். "எதுக்காம்?" என்று கேட்டவர்களுக்கு ஜோகேன் விஷயத்தைச் சொன்னான். அதுவரை ஒருவருக்கும் தெரியாத கட்டுரை இருட்டுவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை சங்கத்தின் அவசரக் கூட்டம். அநாதி கட்டுரையை உரக்கப் படித்தார். நடுவில் ஓர் இடத்தில் மட்டும் தன்னை அறியாமல் நிறுத்தி, "திமிர் பிடிச்ச பய. ஆனா எழுத்து நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"ஒரே பொய்!" என்று எழுந்தார் ஹோமியோபதி துலால் டாக்டர். "ஓர் ஆடுன்னு எழுதியிருக்கான். இருக்கிறது ரெண்டு."

"துலால்பாபு, நீங்க நம்ம கட்சியா, அவன் கட்சியா?"

"உண்மையைச் சொன்னேன்."

"கண்டனத் தீர்மானத்துல உண்மைக்கு என்ன வேலை? உக்காருங்க."

இரண்டு மணி நேரம் விவாதம் நடந்தது. ஆட்டை முதலில் மறுப்பதா, சேற்றை முதலில் மறுப்பதா என்பதில் சங்கம் இரண்டாகப் பிரிந்தது. ஆட்டுக் கட்சி வெளிநடப்புச் செய்தது. மிஞ்சியவர்களிடம், "தீர்மானத்தை யார் அக்கரைக்குக் கொண்டுபோறது?" என்று அநாதி கேட்டார்.

"போகலாம், போகலாம்," என்றார்கள்.

அநாதி பல்லைக் கடித்துக்கொண்டு தனியாகவே கிளம்பினார்.

அவர் துறைக்குப் போன நேரம் வற்றம்; ஆற்றில் நீர் இறங்கியிருந்தது. படகு தூரத்தில் நின்றது. வேட்டியைத் தூக்கிக் கட்டி இறங்கினார். வலது கால் முழங்கால் வரை போயிற்று. இடது கால் அதற்கும் கீழே போயிற்று. கையை நீட்டிப் படகுக்காரன் இழுத்தபோது ஆள் வந்தார், வலது செருப்பு வரவில்லை.

அந்தக் கோலத்தோடு அக்கரையில் பத்திரிகை அலுவலகத்துக்குள் நுழைந்தார். துடைத்திருந்த சிவப்புத் தரையில் அவருக்குப் பின்னால் ஒரு சேற்றுக்கால் தடம், ஒரு சேற்றுச்செருப்புத் தடம் என்று மாறி மாறி விழுந்தன. மேசையில் ருமேலா என்ற இளம் நிருபர் உட்கார்ந்திருந்தாள்.

"நான் நோனாகஞ்ச் சங்கத்து செக்ரட்டரி! எங்க ஊர்ல சேறே கிடையாது!" என்று அநாதி மேசையைக் குத்தினார்.

ருமேலா அவர் காலைப் பார்த்தாள். பிறகு மரியாதைக்காகச் சுவரைப் பார்த்தாள். "உக்காருங்க காக்கு. எந்தக் கட்டுரைன்னு சொல்றீங்க?"

அநாதி தாளை விரித்தார். படிக்கப் படிக்க அவள் உதட்டோரம் துடித்தது.

"சிரிக்கிறியாம்மா?"

"இல்ல காக்கு. ஆனா இது நான் சேந்ததுக்கப்புறம் வந்ததில்ல. அபய்பாபு, இது நம்மளதா?"

பின் அறையிலிருந்து பழைய இதழ்க் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் அபய்பாபு எட்டிப் பார்த்தார். ஒல்லியான ஆள், கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு தேடுகிற ரகம். தாளை முகர்ந்து பார்த்து, "கடுகெண்ணெய்," என்றார். பிறகு, "அச்செழுத்து நம்மளதுதான். கட்டுக் கட்டாத் தேடணும். நாளாகுமே, செக்ரட்டரி பாபு. விட்டுடுங்களேன்."

"விடறதா? பாதாளத்துல இருந்தாலும் தோண்டி எடுங்க! எழுதினவன் பேர் எனக்கு வேணும். ஊரைக் கூட்டி, ஊர் முன்னால அவனை நிறுத்தாம நான் ஓய மாட்டேன்!"

ருமேலா சமாதானமாக, "நான் வியாழக்கிழமை நேர்ல வரேன் காக்கு. இருக்கறதை இருக்கற மாதிரி எழுதி, முதல் பக்கத்துல போட்டுடலாம்," என்றாள்.

"வா! வந்து பாரு!" என்று அநாதி ஜெயித்த தோரணையில் வெளியே வந்தார். படி இறங்கும்போதுதான், இருக்கிறதை இருக்கிற மாதிரி எழுதினால் என்ன ஆகும் என்பது உறைத்தது.

மூன்று நாள் அவகாசம். பள்ளிக்கூடச் சுவருக்கென்று வந்து ஏழு வருடமாகக் காத்துக்கிடந்த செங்கல்லை வண்டி வண்டியாக அள்ளி, படித்துறை முடிகிற இடத்திலிருந்து தண்ணீர்வரை பரப்பினார்கள். அநாதியே நின்று கல் அடுக்கினார். ஆடுகள் இரண்டையும் அவிழ்த்து ஊர்க்கோடி இறால் பண்ணையில் கட்டச் சொன்னார். டாக்டர் வருவாரா என்று விசாரித்ததில் நிச்சயமில்லை என்று தெரிந்ததால், துலால் டாக்டருக்கு வெள்ளை அங்கி ஒன்றை மாட்டி, "நீங்க பேசாம உக்காந்திருங்க. வாயத் தொறந்தீங்கன்னா உண்மை வந்துடும்," என்று நாற்காலியில் அமர்த்தினார்.

"யாரும் 'நடக்கும், நடக்கும்'னு சொல்லக் கூடாது. புரிஞ்சுதா?" என்று கடைவீதி முழுக்கச் சொல்லி வைத்தார்.

"புரியும், புரியும்," என்றார்கள்.

கூடவே இன்னொரு ஏற்பாடும் நடந்தது. எழுதியவன் பெயர் தெரிந்ததும் அவனைப் பிடித்து வந்து கழுத்தில் போடுவதற்குச் செருப்பு மாலை. ஒற்றைச் செருப்புக்கு நோனாகஞ்சில் பஞ்சமே இல்லை; ஜோடிகள் எல்லாம் சேற்றுக்குள் இருந்தன. வீட்டுக்கு ஒன்று வந்தது. அநாதி தன் இடது செருப்பை மாலையின் நடுவில், பதக்கம் மாதிரிக் கட்டினார்.

வியாழக்கிழமை ஒன்பது மணிப் படகில் ருமேலா வருவதாக ஏற்பாடு. ஒன்பது மணிக்கு வற்றம். செங்கல் பாதை காய்ந்து ஜம்மென்று கிடந்தது. ஒன்பது மணிப் படகு பன்னிரண்டு மணிக்கு வந்தது. அதற்குள் ஏற்றம் வந்து பாதை தண்ணீருக்குள் போய்விட்டது. படகுக்காரனுக்குப் புதுச் செங்கல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டமால் என்று ஒரு சத்தம். படகின் அடிப்பலகை கல்லில் ஏறி மாட்டிக்கொண்டு, இப்படியும் அப்படியும் ஆடியது.

"எவண்டா ஆத்துக்குள்ள வீடு கட்டினவன்!" என்று படகுக்காரன் கத்தினான்.

"இறங்கும்மா, இறங்கு. ஆழமில்ல," என்று அநாதி கரையிலிருந்து கூவினார்.

ருமேலா இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். ஒரு கையில் பையை உயர்த்திப் பிடித்தாள். மறு கையில் கேமரா. செருப்புக்கு இடம் இல்லை. தலையில் வைத்துக்கொண்டாள்.

கரையில் கூடியிருந்த நோனாகஞ்ச் மொத்தமும் அவள் தலையைப் பார்த்தது. அநாதி கண்ணை மூடிக்கொண்டார்.

"பரவால்ல காக்கு," என்றாள் அவள், ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டே. "சுகாதார நிலையத்துக்குப் போகலாமா?"

சுகாதார நிலையம் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. துலால் டாக்டர் அங்கியில் வியர்த்துக்கொண்டு, வாயை இறுக்க மூடி உட்கார்ந்திருந்தார். ருமேலா எழுதத் தொடங்கினாள். அநாதிக்கு மூச்சு வந்தது.

அப்போது கிரிபாலா மாசி உள்ளே வந்தாள். எழுபது வயது, எட்டு ஊருக்குக் கேட்கும் தொண்டை.

"எவன் என் ஆட்டை அவுத்தவன்?"

"மாசி, அப்புறம் பேசலாம்..."

"என்ன அப்புறம்? மூணு வாரமா வரிசையில நிக்குதுடா அது! எனக்கு மூட்டு வலி, தினம் தினம் வந்து நிக்க முடியுமா? என் இடத்துல ஆட்டைக் கட்டிட்டுப் போனேன். ரெண்டாவது ஆடு ஹாஜ்ராவோட அம்மாவோடது, அவ எனக்கடுத்த நம்பர். இப்ப டாக்டர் வந்தா என் முறைன்னு எவன் சொல்லுவான்?" அங்கிக்காரரை அப்போதுதான் பார்த்தாள். "ஏண்டா துலால், நீ இங்க என்னடா பண்ற?"

துலால் டாக்டர் அநாதியைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. பாவம், சொன்ன சொல் காப்பாற்றினார்.

"டாக்டர் எப்ப வருவார் மாசி?" என்று ருமேலா கேட்டாள்.

கிரிபாலா மாசி பதில் சொல்வதற்குள் ஜன்னலில் தொங்கிய இருபது தலைகளும் ஒரே குரலில், "வருவாரு, வருவாரு!" என்றன. சொல்லிவிட்டு, 'நடக்கும்' என்கிற வார்த்தையை எவ்வளவு சாமர்த்தியமாகத் தவிர்த்தோம் என்று அநாதியைப் பெருமையோடு பார்த்தன.

அநாதிக்குப் பொறுமை போய்விட்டது. வெளியே வந்து, படித்துறை மேடையில் ஏறி நின்றார். ஊர் அவர் பின்னாலேயே வந்தது.

"சேறு இருக்குது! ஒத்துக்கறேன்!" என்று கத்தினார். "ஆடு இருக்குது, அதுவும் ரெண்டு இருக்குது! டாக்டர் இல்ல! எல்லாம் சரி! ஆனா அந்த நாய் கடைசியா என்ன எழுதியிருக்கான் தெரியுமா? எழுந்து நின்னு கேக்க ஒருத்தன்கூட இல்லையாம்! பதினெட்டு வருஷம்! பதினெட்டு வருஷமா நான் எழுதின மனுவை அடுக்கினா இந்தப் படித்துறையைத் தண்ணி வரைக்கும் கட்டி முடிச்சிருக்கலாம்! நான் மனுஷன் இல்லையா? எவனோ எங்கேயோ மின்விசிறிக்கடியில உக்காந்துகிட்டு, இந்த ஊர்ல ஒரு நாள்கூட வாழாத பய, என்னைப் பாத்து முதுகெலும்பு இல்லைன்றான்! அவன் யாருன்னு எனக்குத் தெரியணும்!"

கூட்டம் முதல்முறையாக உண்மையிலேயே கோபப்பட்டது. "மாலையைக் கொண்டாங்கடா!" என்று ஜோகேன் குரல் கொடுத்தான். எண்பது பை போன வயிற்றெரிச்சல் அவனுக்கு. செருப்பு மாலை கைமாறிக் கைமாறி அநாதியின் கைக்கு வந்தது. ருமேலாகூட எழுதுவதை நிறுத்திவிட்டு, கண் கலங்கி நின்றாள்.

அந்நேரம் அடுத்த படகு வந்தது. செங்கல்லுக்குத் தள்ளி நிறுத்தினார்கள். அதிலிருந்து அபய்பாபு இறங்கினார். மழைத்தாளில் சுற்றிய பெரிய இதழ்க் கட்டு ஒன்றைத் தலையில் சுமந்து, தண்ணீரில் தடுமாறித் தடுமாறிக் கரையேறினார்.

"கிடைச்சுது!" என்றார் மூச்சு வாங்க. "மூணு நாளாத் தேடினேன், செக்ரட்டரி பாபு. கரையான் அரிக்காம முழுசா இருக்கு."

"பேர் இருக்கா?"

"பேர், ஊர், எல்லாம் இருக்கு."

"சத்தமாப் படிங்க! ஊருக்கே கேக்கட்டும்!" மாலையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அநாதி மேடையின் விளிம்புக்கு வந்தார்.

அபய்பாபு மேடையில் கட்டைப் பிரித்து, நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, விரலை வரியின் மேல் நகர்த்தினார்.

"இதழ் முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தினது. எழுதினவர் அநாதி மிருதா, நோனாகஞ்ச்," என்று படித்துவிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவரா, செக்ரட்டரி பாபு?"