கூப்பிட ஏலாத பூனை

யுத்த காலத்துத் திருகோணமலையில் பயப்படாத மனிதரை நான் கண்டதில்லை. ஆனால் பயப்படுவதையே முழுநேர உத்தியோகமாகச் செய்தவர் கம்பியர் ஒருவர்தான். நாங்கள் வெடிச்சத்தம் கேட்டால் பயப்படுவோம். அவர் சத்தம் கேளாவிட்டாலும் பயப்படுவார்.

துறைமுகத்துக்குப் போகும் வீதியில், நான் அறை எடுத்துத் தங்கியிருந்த ரீச்சர் வீட்டுக்கு நேர் எதிரே அவருடைய வீடு. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி, ஒரே மகளும் கலியாணம் முடித்து ஜேர்மனிக்குப் போய்விட்டாள். மிச்சம் அவரும் மகள் விட்டுப்போன பூனையும்தான். அது வெளியே போகக்கூடாதென்று யன்னல், விறாந்தை, குசினிப் புகைக்கூடு வரை கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்திருந்தார். அதனால்தான் கம்பியர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும்தான் தெரியும். அந்த வீட்டுக்குள் போகிறவர்கள் பூனை நழுவிவிடாமல் கதவிடுக்கால் பக்கவாட்டாக நுழைய வேண்டும். ரீச்சர் கொஞ்சம் பருத்த உடம்பு. ஆகவே வீதியில் நின்றபடியே சண்டை பிடிப்பார்.

"பூனை எண்டால் நாலு இடம் போய்வரவேணும். அடைச்சு வைச்சால் அதுக்கு விசர் பிடிக்கும்."

"வெளியில விட்டால் எனக்கு விசர் பிடிக்கும், ரீச்சர்."

"ஊரில எல்லாப் பூனையும் திரியுதுதானே?"

"அதுகளைக் கூப்பிடலாம். இதைக் கூப்பிட ஏலாது."

அதுதான் சிக்கல். மஞ்சள் உடம்பில் கறுப்பு வரி போட்ட பூனை அது. பிரச்சினை தொடங்க முந்தி, பள்ளிக்கூடம் போன காலத்தில், மகள் அதற்குப் 'புலி' என்று பெயர் வைத்துவிட்டாள். அப்போது அது வெறும் செல்லப்பெயர். இப்போது எங்கள் வீதி முடிகிற சந்தியில் மணல் மூட்டை அடுக்கிய இராணுவக் காவலரண். அந்தச் சொல்லை வீதியில் நின்று உரத்துச் சொல்ல எவருக்குத் துணிவு வரும்? பூனையோ வேறு எந்தப் பெயருக்கும் காதைக்கூட அசைக்காது. பால் கோப்பையோடு கம்பியர் "மணி, சூட்டி, ராசா" என்று மாதக்கணக்காகக் கெஞ்சியது என் அறைக்குக் கேட்கும். பூனை பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

பிறகு அது சாப்பிடுவதையும் விட்டது. கம்பியர் எங்கள் கேற்றடிக்கு ஓடி வந்தார். "மீன் தலையைத் தொடுதில்லை. மகளை நினைச்சு ஏங்குதோ தெரியேல்ல."

"ஏக்கமெண்டால் மெலியவேணும்," என்றார் ரீச்சர். "இது குண்டாகுது."

"அது வீக்கமாயிருக்கும், ரீச்சர்."

ஒரு சனிக்கிழமை மத்தியானம், ஸ்திரி போட்ட சேட் இல்லாமல் வாசலுக்கே வராத மனிதர், வெறும் சாரத்தோடு வீதியில் நின்றார். "காணேல்ல," என்றார். ரீச்சரும் நானும் வெளியே வந்து பார்த்தோம். சந்தியில், மணல் மூட்டைக்கு மேல் இருந்து அது முகம் கழுவிக்கொண்டிருந்தது. பின்னால் துவக்கோடு ஒரு சிப்பாய்.

கம்பியர் வீட்டுக்குள் போய்ச் சேட் போட்டு, அடையாள அட்டையும், மகள் பூனையைத் தூக்கி வைத்திருக்கும் படமும் எடுத்து வந்தார். மூவரும் கைகள் தெரியும்படி மெல்ல நடந்தோம். சிப்பாய்க்கு மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

"உங்கட பூனையா?"

"ஓம் தம்பி. ஐயா. சேர்."

"கூப்பிடுங்க. வந்தா கொண்டு போங்க."

கம்பியர் ரீச்சரைப் பார்த்தார். ரீச்சர் முன்னே வந்தார். "மணி, வா." பூனை கடலைப் பார்த்தது. "சூட்டி." வாலைப் பார்த்தது. "ராசா."

"எத்தன பேரு?" என்றான் சிப்பாய். சிரிக்கவில்லை. ஒருவருக்குப் பல பெயர் இருப்பது அந்த நாட்களில் நல்ல சங்கதி அல்ல. அவன் கையை நீட்ட, கம்பியர் அட்டையையும் படத்தையும் சேர்த்தே கொடுத்தார். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், படத்தை அதைவிடக் கனநேரம் பார்த்தான். பிறகு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்து, தகரத் தட்டில் இருந்து ஒரு பொரித்த மீன் துண்டை எடுத்தான்.

"கொட்டியா, மெஹே வரென்."

புலியே, இங்கே வா என்று சிங்களத்தில். பூனை ஒரே பாய்ச்சலில் அவன் மடிக்குப் போனது.

"நாங்க வைச்ச பேரு. உடம்பில கோடுதானே," என்றான். "ஒவ்வொரு நாளும் பகல் சாப்பாடு இங்க."

"ஒவ்வொரு நாளுமோ?" கம்பியர் கேட்டார்.

அவன் கம்பியர் வீட்டுக் கூரையைக் காட்டினான். கம்பி அடிக்காத ஒரே இடம் அதுதான். ஒரு ஓடு விலகிக் கிடந்தது.

பூனையைத் தூக்கிக்கொண்டு வீடு வந்த பிறகுதான் ரீச்சரும் நானும் சிரித்தோம். "இப்ப என்ன சொல்லுறீங்கள்? அது தன்ரபாட்டில போய் வந்திருக்கு. ஒண்டும் நடக்கேல்ல," என்றார் ரீச்சர்.

கம்பியர் அதற்குள் ஏணியைச் சாத்திவிட்டார். "நடக்கிறவரைக்கும் ஒண்டும் நடக்காதுதான், ரீச்சர். அது சந்தி. ஆரும் குண்டெறிஞ்சால் முதல் அங்கதான் விழும். அந்தப் பெடியனை அங்க நிக்காத எண்டு சொல்ல எனக்கு ஏலாது. இதுக்குச் சொல்லலாம்தானே."

ஓட்டைச் சரிசெய்தார். மறுநாள் மத்தியானம் சேட் போட்டு, தானாகவே காவலரணை நோக்கி நடந்தார். நான் திகைத்துப்போய், திரும்பி வந்தவரை வாசலில் மறித்தேன். "என்னத்துக்குப் போனீங்கள்?"

"பூனை இனி வராதெண்டு சொல்லிப்போட்டு வந்தனான். மீனை வைச்சுக்கொண்டு பாத்துக்கொண்டு நிக்கும், பாவம் பெடியன்."

சில மாதங்களில் எனக்கு வேறு ஊருக்கு வேலை மாற்றம் வந்தது. வழியில் எத்தனை செக்பொயின்ற் என்று என்னைவிட அவர்தான் விசாரித்து வைத்திருந்தார். போய் இறங்கியதும், அம்மாவுக்கு எழுத முந்தி, சுகமாக வந்து சேர்ந்தேன் என்று கம்பியருக்குத்தான் எழுதிப் போட்டேன்.