பத்தாவது பாறை

ஒன்பது பாறைகள் கிடைத்துவிட்டன. பத்தாவதுதான் கிடைக்கவில்லை.

புதுச்சத்திரத்தில் வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து, சென்னையிலுள்ள ஒரு சுற்றுலா இணையதளத்துக்குக் கட்டுரை எழுதுவது மோகன்குமாரின் வேலை. 'பாறை ஏறலாம் வாங்க: பயணிகள் தவறவிடக் கூடாத பத்து இடங்கள்' என்று ஆசிரியர் காளிதாஸ் தலைப்பை முன்கூட்டியே போட்டு வைத்துவிட்டார். மோகன்குமார் தன் வாழ்நாளில் ஏறியதிலேயே உயரமானது வீட்டுப் பரண். அதற்கும் மனைவி கிருத்திகா ஏணியைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

"பத்தாவது எங்கப்பா?" என்று காளிதாஸ் போனில் கத்தினார்.

"ஒன்பதுன்னு தலைப்ப மாத்திக்கலாமே சார்."

"ஒன்பதை எவன் படிப்பான்? அரை மணி நேரத்துல அனுப்பு."

எருமப்பட்டியில் மாமனார் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு பாறைக் கரடு உண்டு. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் மோகன்குமார் அதைப் பார்த்தது சாப்பாட்டு அறை ஜன்னல் வழியாக மட்டும்தான். உட்கார்ந்து பார்த்தபோது பெரிதாகத்தான் தெரிந்தது. 'நூற்றைம்பது அடி செங்குத்துப் பாறை. பாறையேறும் வீரர்களின் கனவு' என்று எழுதி, போகும் வழியையும் போட்டு அனுப்பிவிட்டான்.

மறுநாளே கட்டுரைக்குக் கீழே ஒரு கருத்து வந்தது. 'அருமை! கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் நாலு பேர் வரும் ஞாயிறு பத்தாவது இடத்துக்கு வருகிறோம். நிலவன்.'

மோகன்குமார் லேப்டாப்பைப் படக்கென்று மூடினான்.

அவனுக்குப் பயம் பாறையைப் பற்றியல்ல, மாமனார் வெங்கடாசலத்தைப் பற்றி. மூன்று வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் நாலு வாக்கியம். 'வாங்க மாப்பிள்ளை', 'வாரேனுங்க மாமா', 'சாப்புடுங்க மாப்பிள்ளை', 'போதுமுங்க மாமா'. மரியாதை அத்தனை. மாப்பிள்ளையை நேருக்கு நேர் கேள்வி கேட்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. கேட்க வேண்டியதை மகளிடம்தான் கேட்பார். போன ஆடிக்கு விருந்துக்குப் போயிருந்தபோது அடுக்களையில் அவர் கேட்டது இவன் காதில் விழுந்துவிட்டது.

"மாப்பிள்ளை ஊட்டுலயே உக்காந்து அப்பிடி என்னதான் சாமி எழுதறாரு?"

அன்றைக்கு இலையில் இருந்த வடையை இவன் அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். ஊரில் மற்ற மாப்பிள்ளைகளெல்லாம் லாரி வைத்திருக்கிறார்கள், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார்கள். இவன் லேப்டாப் வைத்திருக்கிறான். அதிலும் பார்க்காத ஊரைப் பற்றிப் பொய் எழுதித்தான் சம்பாதிக்கிறான் என்று தெரிந்தால், அந்த 'வாங்க மாப்பிள்ளை'யும் நின்றுவிடும்.

"ஏனுங்க, அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லீருங்க" என்றாள் கிருத்திகா.

"என்னன்னு சொல்றது? உங்க கரட்டை எட்டிக்கூடப் பாக்காம நூத்தம்பது அடின்னு அடிச்சு விட்டுட்டனுங்க மாமான்னா?"

அவள் சிரித்தாள். இவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பத்தாவது இடத்தை எடுத்துவிடச் சொல்லிக் காளிதாஸிடம் கெஞ்சினான்.

"ஆளே கிளம்பி வர்றான்னா அதுதானப்பா நம்ம நட்சத்திர இடம்!" என்ற காளிதாஸ், பத்தாவது இடத்தைத் தூக்கி முதல் இடத்தில் போட்டார்.

வேறு வழியில்லாமல் மோகன்குமார் 'நடுநிலையாளன்' என்று ஒரு பொய்ப் பெயரில் கணக்குத் தொடங்கினான். தன் கட்டுரைக்குக் கீழே தானே எழுதினான். 'எச்சரிக்கை. எருமப்பட்டிப் பாறையில் மலைத்தேனீக்கள் உள்ளன. யாரும் போக வேண்டாம்.'

பத்து நிமிஷத்தில் 'சிங்கம்' என்ற பெயரில் பதில் வந்தது. 'தேனீ எல்லாம் கிடையாது. தைரியமாக வரலாம்.'

'தண்ணீர் வசதி இல்லை' என்றான் நடுநிலையாளன்.

'தாராளமாக இருக்கிறது' என்றது சிங்கம்.

'பாம்புகள் அதிகம்.'

'பாம்பு இல்லாத பாறை உங்கள் ஊரில் இருந்தால் அங்கே போய் ஏறிக்கொள்ளுங்கள்.'

மோகன்குமாருக்குக் காது சூடாகிவிட்டது. கருத்துப் பெட்டி களைகட்ட வேண்டும் என்பதற்காகக் காளிதாஸ்தான் இந்த வேலையைச் செய்கிறார் என்று முடிவு கட்டினான். புதன்கிழமை பிரம்மாஸ்திரத்தை எடுத்தான். 'இதை எழுதியவன் அண்டப் புளுகன். வீட்டை விட்டு வெளியே வராமல் கதை விடுகிறவன். இவனை நம்பி யாரும் ஏமாற வேண்டாம்' என்று தன்னைத்தானே திட்டி எழுதிவிட்டு, நிம்மதியாகக் காபி குடிக்கப் போனான்.

திரும்பி வந்தபோது சிங்கம் கர்ஜித்திருந்தது.

'எழுதியவரை இன்னொரு வார்த்தை பேசினால் மரியாதை கெட்டுவிடும். அவர் எழுதிய அறுபத்து மூன்று கட்டுரைகளையும் நான் படித்திருக்கிறேன். கொல்லிமலைப் பனியைப் பற்றி எழுதியதை மூன்று தடவை படித்தேன். அதைப் போல ஒரு வரி உன்னால் எழுத முடியுமா?'

மோகன்குமார் காபி டம்ளரைக் கீழே வைத்தான். உடனே காளிதாஸுக்குப் போன் போட்டான்.

"சார், அந்தச் சிங்கம் நீங்கதானே?"

"நானா? உன் கட்டுரைய நான் எங்கப்பா படிச்சேன்? தலைப்பு போடறதோட என் வேலை முடிஞ்சுது."

அப்படியானால் யாரோ முகம் தெரியாத ஒரு ஆள் அறுபத்து மூன்றையும் படித்திருக்கிறான். கொல்லிமலைப் பனி மட்டும் இவன் நேரில் போய்ப் பார்த்து, மனசு நிறைந்து எழுதியது. அதை ஒருவரும் பாராட்டியதில்லை. கிருத்திகாகூடப் பாதியில் தூங்கிவிட்டாள். மோகன்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த மனிதனைத் தேடிப் பிடித்துக் கையைப் பற்றிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, 'நீயும் அவனைப் போல ஒரு புளுகன்தான்' என்று பதில் எழுதினான். அன்றிலிருந்து சனிக்கிழமை வரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. சண்டையைப் பார்க்கவே கூட்டம் கூடி, கட்டுரை அந்த மாதத்தின் முதலிடத்துக்குப் போய்விட்டது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

ஞாயிறு காலையில் கிருத்திகாவைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு, வருகிறவர்களை ரோட்டிலேயே மடக்கித் திருப்பி அனுப்பும் திட்டத்தோடு எருமப்பட்டிக்குப் பறந்தான். அவர்கள் அதற்கு முன்பே வந்து, வெங்காயக் காட்டைத் தாண்டிக் கரட்டடியில் நின்றிருந்தார்கள். பக்கத்தில் வெங்கடாசலம் இளநீர் சீவிக்கொண்டிருந்தார். அவர் கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வாங்க மாப்பிள்ளை."

"வாரேனுங்க மாமா."

நிலவன் பாறையை அண்ணாந்து பார்த்தான். அதற்கு ரொம்பவெல்லாம் கழுத்தை வளைக்க வேண்டியிருக்கவில்லை. "ஐயா, நூத்தம்பது அடின்னு போட்டிருந்துதுங்களே. நாப்பதுதான இருக்கும்?"

வெங்கடாசலம் அசரவில்லை. "மீதி நூத்திப்பத்தடி மண்ணுக்குள்ள கெடக்குதுங்க. ரிக் வெச்சு ஓட்டுனப்பவே பாத்தமல்லோ. எழுதுனது இவிங்கதான், எங்க மாப்பிள்ளை. சும்மா எழுதுவாங்களா?"

மோகன்குமாருக்குத் தலை சுற்றியது. மாமனாருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நாலு பேர் முன்னால் வைத்துக் குத்திக் காட்டுகிறார்.

"சார்தானா!" என்று நிலவன் துள்ளினான். "அப்ப முதல் ஆளா நீங்கதான் ஏறணும்."

மறுப்பதற்குள் இடுப்பில் பட்டையை மாட்டி, பின்பக்கமாகச் சுற்றிப் போய் உச்சியில் மாட்டித் தொங்கவிட்டிருந்த கயிற்றைக் கோத்துவிட்டார்கள். கயிற்றின் மறுமுனையை நிலவன் பிடித்துக்கொண்டான். அது போதாதென்று வெங்கடாசலமும் அதன் வாலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார்.

பத்தடி ஏறியதும் மோகன்குமார் நின்றுவிட்டான். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. பல்லியும் வெட்கப்படும்படி பாறையோடு ஒட்டிக்கொண்டான்.

"மாப்பிள்ளை" என்று கீழேயிருந்து குரல் வந்தது. "எடது கைப்பக்கம் ஒரு குழி இருக்கும் பாருங்க. நம்ம வெள்ளாடு அங்கதானுங்க கால் வெக்கும். நீங்களும் அங்கயே வைங்க."

வைத்தான். கால் நின்றது.

"அவ்வளவுதானுங்க. அடுத்து வலது. கீழ பாக்காதீங்க. நான் புடிச்சிருக்கறனுங்க, உட்டர மாட்டேன்."

ஆடு போன வழியிலேயே போய் மோகன்குமார் உச்சியைத் தொட்டான். மூன்று வருஷமாகப் பேசாததையெல்லாம் மாமனார் நாற்பது அடியில் பேசிவிட்டார். மேலேயிருந்து பார்த்தால் வெங்காயக் காடு தெரிந்தது; கயிற்றை விடாமல் நிற்கிற அந்த மனிதரும் தெரிந்தார். இவ்வளவு நல்லவரையா ஏமாற்றினோம் என்று நினைத்துக்கொண்டான்.

இறங்கி வந்ததும் காலில் விழுந்து உண்மையைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தான். ஆனால் அவன் கீழே வருவதற்குள் வெங்கடாசலம் வீட்டு முற்றத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார். மூக்குக் கண்ணாடி, கையில் போன், முகத்தில் கடுகடுப்பு. பக்கத்தில் தட்டில் இட்லி தொடப்படாமல் ஆறிக் கிடந்தது. சற்றுமுன் கயிறு பிடித்த மனிதரா இவர் என்றிருந்தது. வந்தவர்கள் முன்னால் மாப்பிள்ளையை விட்டுக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான். கோபம் கோபமாகவேதான் இருக்கிறது.

மோகன்குமார் அடுக்களை வாசலில் போய் நின்றான். மாமியார் முத்தாயம்மாள் சட்னி தாளித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, மாமாவுக்கு எம்மேல ரொம்பக் கோவமுங்களா? சோறு தண்ணியில்லாம உக்காந்திருக்கறாருங்களே."

முத்தாயம்மாள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"உங்க மேல எதுக்குங்க மாப்பிள்ளை கோவம்? யாரோ நடுநிலையாளனாம், நீங்க எழுதறத ஒரு வாரமாச் செல்லுல கண்டபடி வையறானாம்; அந்த நாசமாப் போறவங்கூட மல்லுக்கட்டிட்டுத்தான் மனுசன் சோறே உங்கறதில்லீங்க!"