ஞானசேகரன் திட்டிய இன்ஜின்

கல்யாணமான நாள் முதலாக ஞானசேகரனுக்கு ஒன்று தெரியும். அவர் வடக்கே என்றால் ஏஞ்சலம்மாள் தெற்கே. மீன் என்று ஆசைப்பட்டால் அன்றைக்குக் கோழி கொதிக்கும். சுவருக்கு நீலம் என்றார். இன்றைக்கும் சுவர் பச்சைதான். ஆகவே பிக்கப் வண்டிக்கு இன்ஜின் மாற்றும் விஷயத்திலாவது தந்திரமாக நடப்பது என்று முடிவு செய்தார்.

மூக்கு நீண்ட பழைய காலத்துப் பிக்கப் அது. அவர்கள் குடியிருந்த லேபர் கேம்ப் சந்து முனையில் இன்ஜின் ஜாமாகி நின்றது. அதற்குப் பொருந்துகிற பழைய ஆறு சிலிண்டர் இன்ஜின்கள் இரண்டு வடாலாவில் தாஹிர் பாய் கேரேஜில் இருந்தன. ஒன்று பெட்ரோல், இன்னொன்று டீசல். பெட்ரோல் இன்ஜினை ஓட்டிக் காட்டிய அன்றே ஞானசேகரன் மனசைப் பறிகொடுத்துவிட்டார். மேலே டீ கிளாஸை வைத்தால் ஒரு சொட்டு சிந்தாது. அதைப் பூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையை ஜன்னலில் போட்டுக்கொண்டு, லோனாவாலா மலை வரை போக வேண்டும். மனுஷனுக்கு வேறு ஆசையே கிடையாது. ஆனால் வண்டியோ ஏஞ்சலம்மாளின் இட்லி மாவு வியாபாரத்தில் வாங்கியது. அவள் தலையாட்டாமல் ஒரு போல்ட் நகராது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவளை நேரே கேரேஜுக்குக் கூட்டிப்போனார். முதலில் பெட்ரோல் ஓடியது. பிறகு டீசல். தகரக் கூரை கிடுகிடுத்தது.

"இதுல்லா இன்ஜின்!" என்று கத்தினார் ஞானசேகரன். "அந்தப் பெட்ரோல் ஒண்ணுக்கும் ஆகாது. சத்தமே இல்ல, அது என்ன மிஷினு, த்தூ!"

"டீசல் எதுல ஒசத்தி?"

"பாரம் இழுக்கும் ஏட்டி! மெதுவா போனாலும் மூச்சு வாங்காது. சிக்னலுக்குச் சிக்னல் நின்னு எடுத்தாலும் சலிக்காது. வண்டி நிறைய மாவ ஏத்து, முணங்குதான்னு பாரு!"

தாஹிர் பாய் வாயைப் பிளந்தார். நேற்று வரை டீசல் பேச்சே எடுக்கக் கூடாது என்ற ஆள் இவர்தான். ஞானசேகரன் அவரைப் பார்த்துக் கண்ணடித்தார். இப்போது பார், இவள் பெட்ரோல்தான் வேணும் என்று ஒற்றைக் காலில் நிற்பாள்.

ஏஞ்சலம்மாள் இரண்டையும் ஒரு சுற்று சுற்றி வந்தாள். புருஷன் முகத்தையும் ஒருதரம் பார்த்தாள்.

"நீங்க சொல்லுதது சரிதான்."

"என்னது?"

"டீசலையே போடச் சொல்லுங்க. இன்னிக்குத்தான் புத்தியா பேசியிருக்கிய."

ஞானசேகரன் பதறிப்போய் அவளை மறித்தார். "இல்ல ஏஞ்சலு, பெட்ரோலும் அவ்வளவு மோசமில்ல. டீசல் கனம் ஜாஸ்தி, முன்பக்க ஸ்பிரிங் தாங்காது..."

"ஸ்பிரிங்க மாத்துவோம். பாய், ஹோகா நா? முடியும்லா?"

"ஹோ ஜாயேகா, பாபி!" என்று, முடியும் என்பதாகத் தலையை ஆட்டினார் தாஹிர் பாய். துரோகி!

"அப்புறம் என்ன? செம்பூர், மாட்டுங்கா, வடாலா, எல்லாக் கடைக்கும் இனிமே மாவு நம்ம வண்டியிலதான். விடியுமுன்ன எடுக்கணும். டிரைவர் தேட வேண்டாம், நீங்க இருக்கிய. ஞாயித்துக்கிழமைதான் ஆர்டர் ஜாஸ்தி."

"அப்போ அந்தப் பெட்ரோல் இன்ஜின்?"

"என் தம்பி ராஜபாண்டி ஜீப்புக்கு ஒண்ணு தேடிக்கிட்டிருக்கான். அவன்ட்ட சொல்லிருவோம். லோனாவாலா போய்ட்டு வர தோதா இருக்கும்."

ஞானசேகரன் திடுக்கிட்டார். "நான் லோனாவாலா பேச்சே எடுக்கலியே!"

"எடுக்கலியா? தெனமும் தூக்கத்துல லோனாவாலா மலைதான ஏறுதிய! கியர் மாத்துதேன்னு என் கையப் புடிச்சு இழுக்குதிய!"

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சினார். ஏஞ்சலம்மாளுக்கும் பாவமாகத்தான் இருந்தது.

"சரி சரி, மூஞ்சியத் தொங்கப்போடாதிய. ஹாரன் உங்க இஷ்டம், எது வேணும்னாலும் மாட்டிக்கிடுங்க. ஆனா அடிக்கப்படாது. நீங்க போற நேரம் சனம் தூங்கும்."