மயிலுக்கு எத்தனை கிராம் குண்டு?

சிவமயம்

பழுகாமம்,
மார்கழி 18.

சுவிற்சர்லாந்தின் உறைபனிக்குள்ளும் திருநீறு மறவாத அன்புள்ள மருமகன் நிலோஜனுக்கு, மாமா வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. இறைவன் திருவருளால் இங்கு என் உடல் சுகம். முழங்கால்கள் இரண்டு மட்டும் அத்திருவருளுக்குச் சற்று வெளியே நிற்கின்றன. அங்கு நீங்களும் மகள் கம்சாயினியும் குளிரை வென்று வாழச் சித்தாண்டி வேலவனை நாளும் இறைஞ்சுகிறேன். தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லி முடியாது; ஆகையால் கடிதம்.

விடயம் யாதெனில், நீங்கள் அனுப்பிய விளையாட்டுத் துப்பாக்கிக்கு உரிய குண்டு எதுவென்று எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

போன மாசியில் உங்கள் மாமி அன்னப்பூரணி கண்மூடுமுன் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இஞ்ச பாருங்க, என்ட ஆண்டுத் திவசத்துக்குக் கடை அரிசி போட்டிராதீங்க. நம்மட கண்டத்து நெல்லக் குத்திப் பொங்குங்க" என்றாள். 'நம்மட' என்றது அவளுடைய பெருந்தன்மை. நம் ஊர் வழக்கப்படி அந்த வயற்கண்டம் அவளுக்கு அவளுடைய தாய் கொடுத்தது. இன்று அது உங்கள் மனைவிக்கு உரியது. நாற்பத்தொரு வருடம் நான் அதன் வரம்பில் நடந்தவன், அவ்வளவே. அவள் இருந்த காலத்தில் ஒரு மயிலேனும் அந்த வயலில் இறங்கியதை நான் கண்டதில்லை. இவ்வருடம் கதிர் பால் பிடிக்கும் வேளை பார்த்து ஐந்து மயில்கள் வந்து, பந்தியில் உட்கார்ந்தவர்களைப்போல் வரிசையாய் நின்று உருவுகின்றன. தகரம் தட்டினேன், தாளத்துக்குத் தலையாட்டின. சித்தாண்டிக்குப் போய், "ஐயனே, உன் வாகனத்தை வேறு வயல்வட்டையில் நிறுத்தக்கூடாதா?" என்று முறையிட்டேன். மறுநாள் ஆறாவதும் வந்து பார்த்துவிட்டுப் போனது.

அப்போதுதான் நீங்கள் இந்தத் துப்பாக்கியைப்பற்றிச் சொன்னீர்கள். "மாமா, இது உயிர் எடுக்கிற சாமான் இல்ல. நாங்க இஞ்ச லீவு நாளில காட்டுக்குள்ள ஆளையாள் சுட்டு விளையாடுறது" என்றீர்கள். மருமகன், நாங்கள் முப்பது வருடம் எதற்குப் பயந்து ஓடினோமோ, அதற்கு நுழைவுச்சீட்டு வாங்கி ஓடும் தேசமும் இவ்வுலகில் உண்டென்று அன்று அறிந்தேன். பொதியைப் பிரித்தபோது அதன் நுனி, விளையாட்டுச் சாமான் என்று காட்டும் செம்மஞ்சள் நிறமாய்த்தான் இருந்தது. ஆனாலும் உடனே வாசற்கதவைச் சாத்தினேன். ஒரு காலத்தில் இந்தப் படுவான்கரையில் குடையைக்கூட நீட்டிப் பிடிக்க அஞ்சியவர்கள் நாங்கள். எனவே அதை வாழையிலையில் சுற்றி, பூசைப் புத்தகப் பைக்குள் வைத்து வயலுக்குக் கொண்டுபோனேன்.

முதலில், பொதியோடு வந்த சைபர் தசம் பன்னிரண்டு (0.12) கிராம் பிளாஸ்ரிக் குண்டு. இலேசானது வேகமாய்ப் போகும், ஆனால் காற்றுக்கு வளையும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதில் முற்பாதியை மட்டும் நான் மனத்தில் வாங்கினேன். மயிலின்மேல் படாமல், அருகிலுள்ள வரம்பில் படும்படி குறிவைத்தேன். வாடைக்காற்று அதை இடையில் ஏந்திக்கொண்டுபோய், பக்கத்துக் கண்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த இராசதுரையின் பிடரியில் வைத்தது. "ஆரடா அது?" என்று சீறித் திரும்பியவன், நீங்கள் அனுப்பிய கறுப்புக் கண்ணாடியும் கையில் துப்பாக்கியுமாய் நின்ற என்னைக் கண்டு பிடுங்கிய களையைக் கீழே போட்டான். "ஐயா! இந்த வயசில ஆர் உங்கள இயக்கத்தில சேர்த்தது?" என்றான்.

பாரமான குண்டு நேராகப் போகுமென்று சைபர் தசம் இருபது கிராம் தேடிக் காத்தான்குடி வரைக்கும் பேருந்தேறினேன். விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் றிஸான் நல்ல பிள்ளை. "என்னத்துக்கு ஐயா?" என்று கேட்டான். "மயிலுக்கு, தம்பி. மயிலின்மேல் படக்கூடாது, ஆனால் மயில் புரிந்துகொள்ள வேண்டும்" என்றேன். "அப்ப உங்களுக்கு வேணுமானது குண்டில்ல ஐயா. மயிலுக்கு ஒரு கடுதாசி போடுங்க" என்றான். ஆயினும் ஒவ்வொன்றாய் உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, "பொருத்துக் கோடு தெரியிறத எடுக்காதீங்க; குழாய்க்குள்ள சிக்கும். மழமழப்பா இரிக்கிறதுதான் சரி" என்று பொறுக்கித் தந்தான். அவன் மழமழப்பாய்த் தந்ததைக் கெடுத்தவன் நான். நம் வீட்டுக்குள் புதிதாய் வரும் எதுவும், அது உழவு இயந்திரமானாலும், சாமிக்கு முன் வைத்துச் சந்தனம் சாத்தாமல் பாவிக்கப்படுவதில்லை. இதுவோ முருகனின் வாகனத்தை விரட்டும் பொருள். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்பது முறையல்லவா? இரண்டு நாழிகை இருந்து குண்டு குண்டாய்ப் பொட்டு வைத்தேன். சந்தனம் காய்ந்தது, குண்டு குழாய்க்குள் இறுகியது. சாமியறையில் இருந்தபடியே ஈர்க்கால் கிண்டினேன். அது எதிர்பாராமல் வெடித்து, மாமியின் படத்துக் கண்ணாடியில், வலக் கன்னத்தருகே, ஒரு கீறல் விழுந்தது. நாற்பத்தொரு வருடத்தில் அவள்மேல் ஒரு விரல் நீட்டாதவன் நான், மருமகன். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

மூன்றாவது, ஆள்வசம் நீங்கள் கொடுத்தனுப்பிய மண்ணில் மக்கும் குண்டு. வயலுக்குள் பிளாஸ்ரிக் விதைத்தவன் என்ற பெயர் வராதென்று மகிழ்ந்தேன். நேற்றுக் காலை காற்று அடங்கிய நேரம், வரம்பைப் பார்த்து 'டிக், டிக்' என்று சுட்டேன். ஐந்து மயில்களும் கதிரை விட்டுத் தலைநிமிர்ந்தன. நிமிர்ந்து, என்னை நோக்கி ஓடி வந்தன! வெள்ளை வெள்ளையாய்க் கிடந்ததைக் கொத்தப் பார்த்துவிட்டு, அடுத்ததற்காக வரிசையில் நின்றன. விழுங்கிவிட்டால் என் கதி என்ன? துப்பாக்கியை எறிந்துவிட்டுச் சால்வையை வீசி அவற்றைத் துரத்தி, முழங்காலில் ஊர்ந்து ஊர்ந்து பொறுக்கினேன். இருபத்திரண்டு சுட்டதில் பத்தொன்பது கிடைத்தன. மற்ற மூன்றும் சேற்றில் புதைந்தனவா, வேலவன் வாகனத்தின் வயிற்றில் உள்ளனவா என்று அறியாமல் நேற்று முழுநாளும் உபவாசம் இருந்தேன். குளிரில் நடுங்கிய மயிலுக்குத் தன் போர்வையைப் போர்த்தியவனைப் பாடிய மொழியைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவன், இன்று மயிலுக்குக் குண்டு நிறுக்கிறேன்.

ஆகவே உங்கள் விளையாட்டுச் சங்கத்தில் விடயம் தெரிந்த பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள். காற்றுக்கு வளையாத பாரம், ஆனால் இறகையும் நோகடிக்காத மென்மை. தானியம்போல் தெரியாத நிறம், ஆனால் தேடிப் பொறுக்க வசதியான நிறம். அப்படி ஒரு குண்டு உண்டாயின் உடனே அனுப்புங்கள். அறுவடைக்கு முப்பது நாள் இருக்கிறது. இந்த வீதத்தில் தின்றால் ஒரு பானைப் பொங்கலுக்கும் நெல் மிஞ்சாது. கடை அரிசியில் பொங்கினால் அவள் கோபிக்கமாட்டாள். உயிரோடிருந்தபோதும் கோபித்ததில்லை. பிடிக்காதது நடந்தால் தன் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொள்வாள், அவ்வளவே. அதை இன்னொருமுறை பார்க்க எனக்குத் திராணி இல்லை.

மகளுக்கு என் ஆசி. கண்ணாடிக் கீறலை அவளிடம் சொல்லவேண்டாம். உங்கள் இருவரின் இல்லத்திலும் விளக்கும் உலையும் ஒருநாளும் அணையாதிருப்பதாக.

இங்ஙனம்,
திருவடி மறவாத மாமா
வினாயகமூர்த்தி

பின்குறிப்பு: குண்டு அனுப்பவேண்டாம். இக்கடிதத்தை இன்று காலை தபாலுக்குக் கொண்டுபோக வந்த இராசதுரையிடம் நேற்று நடந்ததைச் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், அவன் சிரிக்கவில்லை. "ஐயா, அதுகள் உங்கட துவக்குச் சத்தமெண்டு வரல்ல. அன்னமக்கா தகரப் பேணியில சுண்டுற சத்தமெண்டு நினைச்சு வந்ததுகள். விடியச் சாமம் நீங்க பூசையில இரிக்கக்குள்ள, அவ சமைக்கிற குசினிக்குப் பின்னால நிண்டு பேணியச் சுண்டிக் குறுநெல் போடுவா. தெரியாதா உங்களுக்கு? அவ போன கையோட நீங்க குசினிக் கதவப் பூட்டிட்டீங்க. மறுகா அதுகள் எங்க போற? அதுகளுக்குச் சுவிஸில மருமகனா இரிக்கான்?" என்றான். நாற்பத்தொரு வருடம், நான் முன்னறையில் கண்மூடி ஆண்டவனைத் தேடிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பின்வாசலில் அவன் வாகனத்துக்கு ஒருத்தி படி அளந்திருக்கிறாள்.

பத்து மாதமாய்த் திறவாத குசினிப் பின்கதவின் தாழ்ப்பாளைத் திறந்தேன். பேணி கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது. விரலால் சுண்டினேன். ஐந்தும் வந்தன. குறுநெல்லை வீசினேன், உடனே கொத்தவில்லை. என்னையும் பார்க்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றன.

நானும் திரும்பிப் பார்த்தேன்.