காரட்டுக்குள் ஒரு ரோடு

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முன்னறையிலிருந்து பிள்ளைகளைக் கிளப்பிவிடுவது என்று மருந்துக்கடைக்காரர் தீர்மானித்துவிட்டார். வாரம் முழுக்கக் கடையில் நின்றே பிழைக்கிற மனுஷன். லீவு நாளில் சோபாவில் காலை நீட்டலாம் என்றால், அதில் ஐந்து வாண்டுகள் வரிசையாக உட்கார்ந்து இங்கிலீஷ் வாசித்துக்கொண்டிருக்கும். சொல்லிக்கொடுப்பது அவருடைய மனைவி. பள்ளிக்கூட டீச்சர்.

நேராகக் கேட்டால் நடக்காது என்பது கல்யாணமான புதிதிலேயே தெரிந்துபோன விஷயம். ஆகவே பாடத்தில் குற்றம் கண்டுபிடித்தார். அன்றைய பாடம் முனகல் ஓசை. 'பனானா'வில் மூன்று 'ஏ' இருந்தாலும் நடுவில் இருப்பதற்குத்தான் அழுத்தம். மற்ற இரண்டும் லேசாக 'அ' என்று முனகிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும், 'காரட்'டில் இருக்கும் 'ஓ'வும் அப்படித்தான் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

பிள்ளைகள் போனதும் இவர் ஆரம்பித்தார்.

"இப்படி முழுங்கச் சொல்லலாமா? உயிரெழுத்துன்னா அதுக்கு உயிர் வேண்டாமா?"

"உயிர் இருக்கு. சத்தம்தான் கிடையாது," என்றார் டீச்சர். "இந்த வீட்டுல உங்களை மாதிரி."

இவர் விடவில்லை. மருந்துப் பெயரில் ஒரு எழுத்தை முழுங்கினால் தலைவலிக்காரன் பேதி மாத்திரையோடு வீடு போய்ச் சேருவான் என்றார். இப்படிப் படித்தால் பிள்ளைகள் உருப்பட்ட மாதிரிதான் என்றார். டீச்சர் துணி மடித்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப அடுத்த வாரம் நீங்களே எடுங்களேன்," என்றார்.

மருந்துக்கடைக்காரருக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. ஒரே ஒரு வகுப்பைச் சொதப்பினால் போதும், பெற்றவர்களே வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

சொன்னபடி சொதப்பினார். ஒவ்வொரு எழுத்தையும் தொண்டை கிழிய முழங்கவைத்தார். பா-நா-நா. லெ-மோன். டாக்-டோர். காரட், 'கார்-ரோட்' ஆனது. காருக்குப் பக்கத்திலேயே ரோடா என்று ஒரு வாண்டு கேட்க, சோபாவே குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் இவருக்கே உற்சாகம் பிடித்துக்கொண்டது. வந்த வேலையை மறந்து, புதுப்புது வார்த்தைகளாகத் தேடிப்பிடித்து உடைத்துப் போட்டார். வகுப்பு முடிந்தும் பிள்ளைகள் தெருவெல்லாம் "கார்-ரோட்" என்று கத்திக்கொண்டே போனார்கள்.

சண்டைக்கு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார். ஒரு பையனின் அம்மா வந்தார், கடைக்கே. பள்ளிக்கூடத்தில் டிக்டேஷனாம். இத்தனை நாள் 'அ' என்று காதில் விழுந்த இடத்திலெல்லாம் 'ஏ' போட்டுத் தப்பு வாங்கியவன், மனசுக்குள் 'கார்-ரோட்' சொல்லிப் பார்த்து 'ஓ' போட்டுவிட்டானாம். மற்ற நாலு பேரும் அப்படியே. ரொம்ப நன்றி சார் என்றார்.

இவர் வீட்டுக்கு வந்து, இது எப்படி என்று டீச்சரிடம் கேட்டார்.

"வாசிக்கும்போது முனகணும், எழுதும்போது மனசுக்குள்ள முழங்கணும்," என்றார் டீச்சர். "ரெண்டையும் நானே சொன்னா பிள்ளைங்க குழம்புதுங்க. முழங்கறதுக்கு வேற ஒரு ஆள் வேணும்."

அடுத்த ஞாயிறு சோபாவில் எட்டுப் பேர். இடம் போதாமல் தரையில் நாலு பேர். மருந்துக்கடைக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் வாசலுக்கே போய் வரவேற்றார். தோற்றுப்போனதாகவே அவருக்குத் தோன்றவில்லை. திட்டம் தன்னுடையதுதான், கொஞ்சம் திசைமாறிவிட்டது, அவ்வளவுதானே.

புதிதாக ஒரு பெண்ணைச் சேர்க்க வந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானா ஸ்பெல்லிங் சார்? உங்களை எப்படியும் வரவெச்சிடுவேன்னு டீச்சர் போன மாசமே சொன்னாங்க."